ஆம்பூரில் இறங்க விடாதவர்கள்

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியபோது முற்பகல் பதினொரு மணி. நாகர்கோவிலிலிருந்து இரவு முழுக்க வந்து, சென்னையில் வண்டி மாறி, உட்கார்ந்தே தூங்கியிருந்தேன். ஷேர் ஆட்டோவில் வேலூர் புதிய பேருந்து நிலையத்துக்குப் போய், திருப்பத்தூர் பேருந்து ஒன்றில் ஏறினேன். ஆம்பூர் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். சீட்டு நாற்பத்தைந்து ரூபாய்.

பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். அக்கா வீட்டுக்கு வந்துவிட்டு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். என் பேச்சைக் கேட்டதும், நீங்க இந்தப் பக்கம் இல்லையே என்றார். நாகர்கோவில், டாக்டர், ஒரு டேனரியில் முதலுதவி வகுப்பு எடுக்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். டேனரி என்றால் தோல் பதனிடும் ஆலை; அந்தப் பக்கத்தில் எல்லோரும் டேனரி என்றே சொல்கிறார்கள்.

அவர் முகம் மாறியது. "எங்க கம்பெனிக்கும் க்ளாஸ்னுதான் வந்தாங்க. போட்டோ எடுத்தாங்க, எழுதிக்கிட்டாங்க. அடுத்த மாசம் எங்க லைன்ல பாதி பேரை நிறுத்திட்டாங்க" என்றார். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி மாதனூர் வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பாலாறு மணலும் முள்செடியுமாகக் கிடந்தது. மாதனூருக்குப் பிறகு ஈரத் தோலும் சுண்ணாம்பும் கலந்த வாசனை பேருந்துக்குள் வந்தது. என்னைத் தவிர யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் ஒருவரை அதே கண்ணோடு பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

என்னை அழைத்தவள் ஷபானா. கல்லூரியில் என்னோடு படித்தவள். ஆம்பூரில் ஒரு சிறிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். நானும் எங்கள் ஊரில் அதே வேலை. அவளிடம் மூன்று மாதத்துக்கு ஒரு வெளிநாட்டு மருத்துவர் வந்திருந்தார். பெயர் தாவித். எத்தியோப்பியாவில் பிறந்து, கனடாவில் அவசர சிகிச்சை படித்தவர். படிப்பின் ஒரு பகுதியாக வேறு நாடுகளின் மருத்துவமனைகளில் வேலை செய்ய வேண்டும். உலக சுகாதாரப் பயிற்சி என்று அதற்குப் பெயர். டேனரிகளில் விஷவாயு தாக்கி விழுகிறவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் விரும்பினார். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை மருத்துவம் தெரிந்த ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும். ஷபானாவுக்கு வார்டை விட்டு நகர நேரமில்லை. என்னிடம் ஒரு வாரம் விடுப்பு இருந்தது.

இப்படி வருகிறவர்களை எனக்குத் தெரியும். எங்கள் மருத்துவமனைக்கும் வந்திருக்கிறார்கள். இரண்டு வாரம் இருப்பார்கள். வார்டில் படம் எடுப்பார்கள். தங்கள் நாட்டில் தொட அனுமதி கிடைக்காத நோயாளிகளை இங்கே தொட்டுப் பழகுவார்கள். போன பிறகு ஒரு வரி வராது.

ஆம்பூர் நிறுத்தத்தில் ஷபானாவே ஸ்கூட்டரோடு நின்றாள். "வா ஜெபா, இளைச்சுப் போயிருக்கே" என்றாள். அவள் வீட்டில் தாவித் எங்களுக்கு முன்பே சாப்பாட்டு மேசையில் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தோசையைக் கையால் கிழித்து, எங்கள் ஊர் ரொட்டியும் இப்படித்தான், இன்னும் கொஞ்சம் புளிக்கும் என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் "வணக்கம்", "போதும்", "வலிக்குதா" என்ற மூன்று சொற்கள். கை கழுவும் முன்னரே என்னிடம் கேட்டார்: டேனரிக் கழிவுத் தொட்டிகள் எவ்வளவு ஆழம், எந்த மாதத்தில் சுத்தம் செய்வார்கள், யார் உள்ளே இறங்குவார்கள். நான் நாகர்கோவில்காரி, எனக்கென்ன தெரியும் என்றேன். ஒரு முதலுதவி வகுப்புக்கு இதெல்லாம் எதற்கு என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை டேனரிக்குப் போனோம். ஊர் எல்லையில் நடுத்தர அளவிலான ஒரு ஆலை; பெயர் வேண்டாம். மேற்பார்வையாளர் பாஸ்கர் வாசலுக்கே வந்து கை குலுக்கினார். உள்ளே தரை கழுவி ஈரமாக இருந்தது. தோலைப் புரட்டும் பெரிய மர டிரம்கள் சுற்றிக்கொண்டிருந்தன. தொழிலாளர்கள் எல்லோரும் கையுறையும் முகமூடியும் போட்டிருந்தார்கள். கையுறைகளில் பாக்கெட்டில் மடித்து வைத்திருந்த தடம் அப்படியே இருந்தது. ஒருவர் தன்னுடையதைக் கழற்றிப் பார்த்து, எந்தக் கை எது என்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

வெளிநாட்டுக்காரர் என்றால் ஆம்பூரில் இரண்டே வகை என்று ஷபானா சொல்லியிருந்தாள். ஒன்று ஷூ வாங்க வருகிறவர், இல்லையென்றால் ஆலையைச் சோதிக்க வருகிறவர். எங்களை அவர்கள் இரண்டாவது வகையில் சேர்த்துவிட்டார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், நல்ல வேலை மேடம் என்றார்கள். மயக்கம், தலைவலி உண்டா என்றால், இல்லவே இல்லை என்றார்கள். சொல்லும் முன் ஒவ்வொருவரும் பாஸ்கரைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆலையின் பின்புறம் தரைக்குள் கட்டிய ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. தகரத் தகடுகளைப் போட்டு மூடியிருந்தார்கள். இது என்ன என்று தாவித் கேட்டார். "அது பழசு சார். யூஸ் பண்றது இல்ல" என்றார் பாஸ்கர். தாவித் தலையாட்டிவிட்டு, தொட்டியைச் சுற்றி நடந்து கைப்பேசியில் படம் எடுத்தார். தகடுகள், பக்கத்துச் சுவர், இரும்பு ஏணி, மின்பெட்டி எல்லாவற்றையும் எடுத்தார். பாஸ்கரின் சிரிப்பு அதோடு நின்றது. எங்களை வேகமாக வெளியே அழைத்து வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் தாவித்திடம் நேராகவே கேட்டேன். இந்தப் படங்களை யார் பார்ப்பார்கள்? ஒருவன் உள்ளே விழுந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தூக்குவது என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்றார். கட்டுரை எழுதுவீர்களா என்றேன். எழுதுவேன், எழுதினால்தான் அடுத்த ஆளை இங்கே அனுப்புவார்கள் என்றார். அவர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. சொன்ன விஷயம் பிடிக்கவில்லை. அன்று மாலை ஷபானாவிடம் சொன்னேன், இந்த ஆள் மருத்துவம் பார்க்க வந்தவரா, கேஸ் சேகரிக்க வந்தவரா என்று தெரியவில்லை என்று. அந்த ஆலை முதலாளியின் குடும்பம்தான் அவள் மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் வாங்கித் தந்தது என்று பிறகு சொன்னாள். அதைக் கேட்டதும், நான் சந்தேகப்பட வேண்டியவர்களில் அவளையும் சேர்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை வகுப்பு. தோல் காயவைக்கும் கூடத்தில் முப்பது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். ஷபானாவும் அன்று எப்படியோ நேரம் ஒதுக்கி வந்திருந்தாள். நெஞ்சை அழுத்திப் பழகுவதற்கு ஒரு ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தினோம். தாவித் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். தோலிலிருந்து முடியை நீக்கப் போடும் மருந்தும் அடுத்து போடும் அமிலமும் கழிவில் கலந்தால் ஒரு வாயு உண்டாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. போய்விட்டது என்று நினைக்கும்போது ஆள் விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவன் அடுத்து விழுவான். அதனால் முகமூடியும் காற்று உருளையும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

முன்வரிசையில் ஒல்லியான ஒருவர் கையை உயர்த்தினார். பெயர் கோபி என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

"அப்போ செத்துப் போகட்டும்னு வுட்றதா மேடம்?"

விடச் சொல்லவில்லை, உள்ளே காற்றை அடியுங்கள், தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுங்கள் என்று ஷபானா சொன்னாள். வண்டி வரும்வரைக்கும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பானா என்று கோபி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு நாளில் அவர்கள் எங்கள் முன் சிரித்தது அப்போதுதான். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது; இனி பேசுவார்கள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கமிருந்து ஒருவர் ஓடி வந்தார். முழங்கால் வரை கறுப்புச் சேறு. "ஏழுமலை வுழுந்துட்டான்" என்றார்.

யாருக்கும் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் பின்புறம் ஓடினார்கள். பயன்படுத்துவதில்லை என்று சொன்ன தொட்டியின் தகடுகள் விலக்கப்பட்டு, பக்கத்தில் வாளியும் கயிறும் கிடந்தன. ஏழுமலை கோபியின் அக்கா செல்வியின் கணவர். இந்த விவரம் பிறகுதான் தெரிந்தது; சொந்தக்காரர் என்பதை அப்போதே கோபியின் முகம் சொன்னது. கோபி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஏணியில் கால் வைத்தார்.

தாவித் பின்னாலிருந்து அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்து மேலே இழுத்தார். கோபி திமிறினார். நான் ஒரு கையைப் பிடித்தேன். வகுப்பில் இருந்த இருவர் தயங்கி, பிறகு அவர்களும் பிடித்தார்கள். ஷபானா கைப்பேசியில் தீயணைப்பு நிலையத்துக்கும் 108-க்கும் சொல்லிக்கொண்டே, காற்றடிக்கும் கம்ப்ரசரின் குழாயை இழுத்து வந்து தொட்டிக்குள் விடச் சொன்னாள்.

கோபி என் பக்கம் திரும்பினார். "அம்மா, வுடச் சொல்லுங்கம்மா. மாமா கை ஆடுது. பாருங்க, கை ஆடுது."

பார்த்தேன். ஏழுமலை ஏணியில் சாய்ந்து, இடுப்பு வரை சேற்றில், முகம் மேல் நோக்கி இருந்தார். ஒரு கை ஏணிப்படியில் தொங்கியது. அது அசைந்தது போல இருந்தது. சேறு அசைத்திருக்கலாம். முதலில் வந்த முட்டை நாற்றம் அப்போது எனக்குத் தெரியவில்லை. அது ஏன் என்று பத்து நிமிடத்துக்கு முன்தான் தமிழில் சொல்லியிருந்தேன். எல்லோரையும் பின்னால் போகச் சொல்லிக் கத்தினேன். கோபியையும் இழுத்துக்கொண்டே நகர்ந்தோம்.

என்ன சொல்கிறார் என்று தாவித் கேட்டார். நான் சொல்லவில்லை. பிடியை இறுக்கினேன்.

தீயணைப்பு வண்டி வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கவில்லை. முதுகில் காற்று உருளை கட்டிய இருவர் இறங்கி, ஏழுமலையைக் கயிற்றில் கட்டித் தூக்கினார்கள். ஈரத் தரையிலேயே கிடத்தினோம். தாவித்தும் நானும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். ஷபானா முகத்தில் பலூன் போன்ற பையை வைத்துக் காற்றைச் செலுத்தினாள். ஆம்புலன்சிலும், பிறகு மருத்துவமனையிலும் தொடர்ந்தோம். ஒருமுறை நாடி வந்தது. வந்தது போலவே போய்விட்டது. பிற்பகலில் ஷபானா நிறுத்தச் சொன்னாள்.

வெளியே கோபி சுவரில் சாய்ந்து நின்றார். உடம்பில் இன்னும் சட்டை இல்லை. செய்தியை நான்தான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"அந்த சாருக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும் இல்ல? நான் சொன்னது புரிஞ்சுது இல்ல?"

புரிந்தது என்றேன்.

"அப்புறம் ஏம்மா புடிச்ச?"

நீங்களும் போயிருப்பீர்கள் என்று ஆரம்பித்தேன். அவர் அதற்குள் திரும்பி நடந்துவிட்டார்.

மாலையில் மருத்துவமனைப் படிக்கட்டில் தாவித் உட்கார்ந்திருந்தார். கோபியின் நகம் பட்டு அவர் முன்கை கீறியிருந்தது. அப்போது கோபி என்ன சொன்னார் என்று மறுபடி கேட்டார். சொன்னேன். தான் பிறந்த ஊரும் தோல் பதனிடும் ஊர்தான் என்றார். அங்கேயும் இதையே சொல்வார்களாம். கை ஆடுகிறது, கண் திறந்திருக்கிறது, கூப்பிட்டான் என்பார்களாம். ஒருமுறை, இறங்கப் போன ஒருவரின் கையை அவர் விட்டுவிட்டாராம். யாருடைய கையை என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதுவீர்களா என்று மட்டும் கேட்டேன். குடும்பத்திடம் கேட்டுத்தான் எழுதுவேன் என்றார். இப்போது போய்க் கேட்காதீர்கள் என்றேன். சரி என்றார். அவர் மேல் எனக்கு இருந்த சந்தேகம் குறைந்தது என்று சொல்லலாம். முழுக்கப் போனது என்று சொன்னால் அது பொய்.

வியாழக்கிழமை போலீஸ் வந்து விசாரித்தது. யாரும் ஏழுமலையை இறங்கச் சொல்லவில்லை, அவராகவே இறங்கினார் என்று பாஸ்கர் சொன்னார். தொழிலாளர்கள் எங்களுக்குத் தெரியாது என்றார்கள். சேறு அப்பிய காலோடு ஓடி வந்தவரும், நான் அந்தப் பக்கம் போகவே இல்லை என்றார். எங்கள் முறை வந்தபோது ஷபானா என்ன செய்யப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டி பழையது, பயன்படுத்துவதில்லை என்று செவ்வாய்க்கிழமை இவர்கள் இருவரிடமும் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் வாளியும் கயிறும் அங்கே கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று அவள் சொன்னாள். தாவித் படங்களைக் காட்டினார். நானும் பார்த்ததைச் சொன்னேன். அன்று மாலை ஆலையிலிருந்து ஷபானாவுக்கு ஒரு போன் வந்தது. இனி வகுப்பு வேண்டாம் என்றார்கள். ஆம்புலன்ஸ் பற்றியும் ஏதோ பேசினார்கள் போல. கேட்டதற்கு, பேஜார் புடிச்ச பேச்சு, வுடு என்று மட்டும் சொன்னாள். அவளைச் சந்தேகப்பட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நான் ஊருக்குத் திரும்ப வேண்டும். காலையில் செல்வியைப் பார்க்க ஷபானாவோடு போனேன். எங்களைத் திட்டினாலும் கேட்டுக்கொள்வது என்று பேசிவைத்திருந்தோம். பாலாற்றை ஒட்டிய தெரு. சுண்ணாம்பு அடித்த சின்ன வீடு. துக்கம் கேட்க வந்தவர்கள் பேச்சை நிறுத்தி எங்களைப் பார்த்தார்கள். கம்பெனி அனுப்புன ஆளுங்களா என்று யாரோ கேட்டார்கள். செல்வி நாற்காலி போடச் சொன்னார். ஷூ கம்பெனியில் ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறவர். விரல் நுனிகளில் பசை காய்ந்து உரிந்திருந்தது.

அழுது முடித்த குரலில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "கை ஆடிச்சுன்னு என் தம்பி சொல்றான். நெஜமா?"

ஷபானா என்னைப் பார்த்தாள். ஆடவில்லை என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் எல்லோருக்கும் சுலபம். எனக்கும் சுலபம்.

"ஆடின மாதிரி எனக்கும் தெரிஞ்சுது" என்றேன். "அந்த நேரத்துல யார் இறங்கியிருந்தாலும் மேல வந்திருக்க மாட்டாங்க. அதனால விடல."

செல்வி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, டாக்டருங்களுக்கு டீ குடுங்க என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு டீ கொடுப்பார்கள். குடித்தேன்.

புறப்பட்டபோது கோபி தெருமுனை வரை வந்தார். ஷபானா ஸ்கூட்டரை எடுக்கப் போயிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நாலு பேர் புடிச்சீங்க. அதால நின்னேன். ஞாயித்துக்கிழமை ஷெட்ல நானும் இன்னொருத்தனும்தான் இருப்போம். அவன் உள்ள வுழுந்தா என்னை யார் புடிக்கிறது?"

இனி நீங்கள் அங்கே போகப் போகிறீர்களா என்று கேட்டேன். வேற எங்க போறது என்றார். இரண்டே பேர் இருந்தால் யார் பிடிப்பது என்று வகுப்பில் நாங்கள் யோசிக்கவே இல்லை. தெரியல என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போனார்.

மதியம் ஷபானா என்னை வேலூர் பேருந்தில் ஏற்றிவிட்டாள். தாவித் நிறுத்தம் வரை வந்து, தமிழில் "வணக்கம்" சொன்னார். கோபியின் கேள்வியை அவரிடம் சொன்னேன். அதை எனக்கு எழுதித் தர முடியுமா என்றார். எதற்கு என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பேருந்து நகரும் முன் எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் பக்கம் டேனரிகள் கிடையாது, கிணறுகள் உண்டு. கோடையில் தூர் வாரும்போது இதே போல வாயுச் சாவுகள் எங்கள் மருத்துவமனைக்கு வரும். ஒருவராக வந்ததே இல்லை. முதலில் இறங்கியவர், அவரைத் தூக்கப் போன தம்பி, சில நேரம் பக்கத்து வீட்டுக்காரர். பல வருடமாக அவர்களை வாசலில் நின்று வாங்கியிருக்கிறேன். இரண்டாவது ஆள் ஏன் இறங்கினான், அவ்வளவு அறிவு வேண்டாமா என்று கூட வந்தவர்களைக் கடிந்திருக்கிறேன். ஆம்பூரில்தான் முதல் தடவையாக, ஆள் விழுந்து கிடக்கும்போதே குழியின் விளிம்பில் நின்றேன்.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள், தோட்டத்துக் கிணற்றில் இறங்கிய தகப்பனையும் மகனையும் கொண்டு வந்தார்கள். மகன் மட்டும் பிழைத்தான். ஏன் இறங்கினான் என்று நான் கேட்கவில்லை. அவன் இறங்கும்போது மேலே யாரெல்லாம் இருந்தீர்கள் என்று கேட்டேன். கூட வந்த பெண், அந்தத் தகப்பனின் மனைவி, சேலையைப் பிழிந்துகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் மட்டுந்தான் நின்னேன்" என்றார். பிறகு ஓரடி பின்னால் போய், "எதுக்கு கேக்கீய?" என்றார்.